நொடிக்கு மூன்று லாரி கடல்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், நாற்காலி நிறைய காலியாகத்தான் இருக்கிறது. அணுமின் நிலையம் என்று நோட்டீஸில் போட்டால் பாதிப் பேர் சண்டை போட வருவார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள் என்று நண்பர் சொன்னார். பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் போல.

நான் இன்றைக்கு அணுகுண்டு பற்றியோ செர்னோபில் பற்றியோ பேசப் போவதில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பக்கத்தில் இருக்கிற கல்பாக்கம் அணுமின் நிலையத்துத் தண்ணீர். கதிர்வீச்சு கதிர்வீச்சு என்றே நாற்பது வருஷமாக வாதாடுகிறோம், ஆனால் அந்த நிலையம் இந்தக் கரையோடு ஒவ்வொரு நொடியும் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பது தண்ணீரில்தான், அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் அளவு. அங்கே 220 மெகாவாட் உலை இரண்டு. முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்திக்கு வந்தன. முதல் உலையை 2018 தொடக்கத்தில் நிறுத்தினார்கள், ஆகையால் நான் சொல்லும் கணக்கு இரண்டும் முழுசாக ஓடினால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கடலிலிருந்து உள்ளே போகிற தண்ணீர் நொடிக்கு சுமார் 35 கன மீட்டர், அதாவது 35,000 லிட்டர். நம் தெருவுக்கு வருகிற பெரிய தண்ணி லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். நொடிக்கு மூன்று லாரி. நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து லாரி போயிருக்கும். ஒரு நாளைக்கு 300 கோடி லிட்டர், சென்னை முழுக்கக் குடிநீர் வாரியம் கொடுப்பதே சுமார் 100 கோடிதான். நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரியை அந்தப் பம்புகளிடம் கொடுத்தால் முப்பத்தைந்து நாளில் காலி.

பயப்பட வேண்டாம், அந்தத் தண்ணீர் செலவாவதில்லை. உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு, திரும்பக் கடலுக்கே வருகிறது. உலைக்குள்ளும் போவதில்லை. உலைக்குள் ஓடுவது கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர். அது தன் சூட்டை இன்னொரு நல்ல தண்ணீருக்குக் கொடுக்கும், அது ஆவியாகி டர்பைனைச் சுழற்றும், சுழற்றிக் களைத்த ஆவியைக் குளிர வைக்கத்தான் கடல் தண்ணீர். மூன்றும் தனித்தனிக் குழாய், ஒன்றோடொன்று கலக்காது. இவ்வளவு தண்ணீர் ஏன் வேண்டும் என்றால், உலையில் உண்டாகும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாகிறது, மிச்சத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். நிலக்கரி நிலையத்துக்கும் இதே தலைவிதிதான், அங்கே கொஞ்சம் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும்.

இந்தத் தண்ணீர் எப்படி வருகிறது தெரியுமா? கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் நீளமாக ஒரு பாலம் போகிறதே, அதன் முனையில்தான் வாய். அங்கிருந்து கடலடித் தரைக்குக் கீழே 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகப் பம்பு நிலையத்துக்கு வருகிறது. இருட்டு, குளிர்ச்சி, இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற தண்ணீர், தண்ணீரோடு வருகிற இரை. கடல்வாழ் உயிர்களுக்கு இதைவிட நல்ல வீடு யார் கட்டிக் கொடுப்பார்கள்? பச்சை ஓட்டுச் சிப்பியும், பாறையிலும் படகிலும் ஒட்டி வளருமே அந்தக் கொட்டலசும் சுவரெல்லாம் குடியேறிவிட்டன. ஒரு கட்டத்தில் உள்ளே ஒட்டிக்கிடந்தவற்றின் எடை 580 டன் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிலையத்தையே இழுத்து மூட வைக்கக்கூடிய வேலை, ஒரு விரல் நீளச் சிப்பி செய்தது.

அதற்கு மருந்து குளோரின். சும்மா அள்ளிக் கொட்டினால் வேலைக்கு ஆகாது, சிப்பி லேசுப்பட்ட ஆள் இல்லை. குளோரின் வாடை பட்டதும் ஓட்டைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும், கடன்காரன் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருப்போமே, அப்படி. நீங்கள் மருந்தை நிறுத்தியதும் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிடும். அதனால் கொஞ்சமாக, விடாமல் போடுகிறார்கள். கதவைத் திறக்கவே முடியாமல் இளைத்துச் சாகும்.

சரி, அந்தக் குளோரின் எங்கே போகிறது? மிச்சமிருப்பது வெளியே வருகிறது. கடல் தண்ணீரில் புரோமைடு உண்டு, அதோடு சேர்ந்து புரோமோஃபார்ம் போன்ற பொருள்கள் சிறிதளவில் உண்டாகும். இதற்கும் அணுவுக்கும் சம்பந்தமே இல்லை, கடல் தண்ணீரில் குளிர்விக்கிற எந்த அனல்மின் நிலையத்திலும் இதே கதைதான். ஆனால் அணுமின் நிலையம் என்றதும் எல்லோருடைய கண்ணும் கதிர்வீச்சை அளக்கிற கைகர் கவுண்டர் மேல் போய்விடுகிறது, குளோரினைப் பார்க்க ஆள் இல்லை.

அடுத்தது சூடு. ஒரு சின்னக் கணக்குப் போடலாம், நான் கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவன், கணக்குப் போடாமல் விட மாட்டேன். இரண்டு உலையும் சேர்ந்து கடலுக்குத் தள்ளுகிற வெப்பம் சுமார் 1,100 மெகாவாட். நொடிக்கு 35 டன் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டால் எட்டு டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஏறும். வெளியே வந்து கடலோடு கலக்கும்போது இறங்கும். கடலோரத்தில் புதிதாக வருகிற மின் நிலையங்களுக்குச் சட்டம் வைத்திருக்கிற எல்லை, சேரும் கடலின் சூட்டைவிட 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது. இதில் கல்பாக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கரையோர நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பிவிடும். மணலும் கூடவே நகரும். சூட்டுத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலின் முகத்தில் மணல்திட்டு விழுந்து, தண்ணீர் நேராகக் கடலுக்குப் போகாமல் கரையை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம்தான் கலக்கும். ஆக, சூடு எங்கே இருக்கிறது என்று ஜூன் மாதம் அளந்த இடத்தில் போய் டிசம்பரில் தேடினால் கிடைக்காது.

ஒரு தடவை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போனேன், டச்சுக்காரன் கோட்டைக்குப் பின்னால். நிலையத்தின் வேலிக்குப் பக்கத்தில் எல்லாம் விட மாட்டார்கள், அதனால் தள்ளி நின்று, நைலான் கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டித் தண்ணீரில் விட்டோம். கல்லூரி லேபிலிருந்து மூன்று கொண்டு போயிருந்தோம். ஒரே வாளித் தண்ணீரில் மூன்றையும் வைத்தால் 28, 29, 29.5 என்று மூன்று பதில். கடலின் சூட்டை அளக்கப் போய் லேபின் லட்சணத்தை அளந்து கொண்டு வந்தோம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன சார், கடலுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, சரியான பதிலுக்காகத்தான் காத்திருந்தார், என்னிடம் பதில் இல்லை.

சொறிமீனைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஜெல்லி மீன் கூட்டமாக வந்து வடிகட்டியில் அப்பிக்கொண்டால் தண்ணீர் வரத்து குறைந்துவிடும். கல்பாக்கத்தில் இது பழைய தலைவலி. 2013-ல் ஸ்வீடனின் ஓஸ்கர்ஷாம் நிலையத்தில் ஒரு உலை இதனால் நின்றது. 2025 ஆகஸ்டில் பிரான்சில் கிராவ்லீன் நிலையத்தில் நாலு உலை தானாக நின்றுவிட்டன. மூளையே இல்லாத பிராணி! ஆனால் வடிகட்டியில் மாட்டுவது அது மட்டும் இல்லை, மீன் குஞ்சும் முட்டையும் கூட. சல்லடைக்குத் தப்புகிற அளவுக்குப் பொடியானவை உள்ளே போய், குளோரினும் சூடும் பட்டுத்தான் வெளியே வரும். என்னைக் கேட்டால் மீனவர்கள் முதலில் கேட்க வேண்டிய கணக்கு இதுதான்.

இப்போது கதிர்வீச்சுக் கண்காணிப்புக்கு வருகிறேன், இதை விட்டுவிட்டால் சும்மா விட மாட்டீர்கள். இந்தியாவில் அணுமின் நிலையம் எங்கே வந்தாலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்று அங்கே உட்காரும், உலை ஓடுவதற்கு வருஷக்கணக்கில் முன்பே. முன்பே ஏன் என்றால், உலகத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்தியவர்கள் சீசியம்-137 என்ற கதிர்வீசும் பொருளை எல்லா ஊர் மண்ணிலும் ஏற்கெனவே தூவிவிட்டார்கள், எது பழையது எது புதியது என்று சொல்ல முதல் நாள் கணக்கு வேண்டும். கல்பாக்கத்தில் இன்னொன்றும் உண்டு. கடற்கரையில் அங்கங்கே கறுப்பு மணல் பார்த்திருப்பீர்கள், அதில் மோனசைட் என்ற தாது, அதற்குள் தானாகவே கதிர்வீசும் தோரியம். இயற்கையே அந்தத் திட்டுகளில் அளவைக் கூட்டி வைத்திருக்கிறது. கருவியைக் கொண்டு போய் அந்த மணல் மேல் வைத்துவிட்டு, நிலையம் கசிகிறது என்று படம் போடுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அந்த ஆய்வகத்தின் வேலையைக் கேட்டால் பாதி சமையல் போல இருக்கும். மீன் வாங்குவார்கள், நம்மைப் போலவே கழுவி, தின்கிற பகுதியை மட்டும் எடுத்து, உலர்த்தி, சூளையில் வைத்துச் சாம்பலாக்குவார்கள். கிலோக்கணக்கில் மீன் போனால் ஒரு பிடிச் சாம்பல் வரும், அதை ஈயக் கவசத்துக்குள் வைத்து மணிக்கணக்கில் எண்ணுவார்கள். அரிசி, பால், கீரை, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உண்டு. ஆட்டின் தைராய்டு சுரப்பியும் உண்டு! கதிர்வீசும் அயோடின்-131 காற்றில் வந்தால் புல்லில் படியும், ஊரெல்லாம் மேய்கிற ஆடு அதைத் தின்று கழுத்தில் சேர்த்து வைத்துவிடும். எட்டு நாளில் பாதியாகிவிடுகிற பொருள் அது, அதனால் சீக்கிரம் பிடிக்க வேண்டும், ஆட்டைவிட நல்ல சாம்பிள் எடுக்கிற ஆள் இல்லை.

கனநீர் உலையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது டிரிட்டியம். அது ஹைட்ரஜனின் கதிர்வீசும் அண்ணன் தம்பி, தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும், வடிகட்ட முடியாது, சாதாரண கைகர் கவுண்டருக்குத் தெரியவும் தெரியாது. சாம்பிள் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, சில மில்லி எடுத்து, ஒளிரும் திரவத்தோடு கலந்து, இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, மின்மினி போல மின்னுவதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அப்புறம் ஆர்கான்-41 என்ற கதிர்வீசும் வாயு. கல்பாக்கத்து உலைகளில் உலைக் கலனைச் சுற்றிய அறையில் காற்று இருக்கிறது, அந்தக் காற்றிலுள்ள ஆர்கான் கதிர்பட்டுப் புகைபோக்கி வழியாக வெளியே வருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். உத்தரப் பிரதேசத்து நரோரா நிலையம் முதல் வந்த உலைகளில் அந்த அறையில் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள், பிரச்சினை ஏறத்தாழத் தீர்ந்தது. உடம்பில் படுகிற கதிர்வீச்சை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள், பொதுமக்களுக்கு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,000 மைக்ரோசீவர்ட் என்பது எல்லை. இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக நமக்கு 2,400 வருகிறது. வெளியாகியிருக்கும் அறிக்கைகளின்படி நிலையத்தின் பங்கு அந்த ஆயிரத்தில் சிறு துளிதான். நான் அதை நம்புகிறேன், அந்த வேலையின் நுணுக்கம் எனக்குத் தெரியும் என்பதால்.

ஆனால் ஒன்று. நிலையத்தை நடத்துகிற இந்திய அணுமின் கழகமும், அளக்கிற ஆய்வகமும் ஒரே அணுசக்தித் துறைக் குடும்பம். மேற்பார்வை பார்க்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கே போதிய சட்டத் தகுதி இல்லை என்று 2012-ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். நல்ல பையன்தான், ஆனாலும் அவன் பரீட்சைத் தாளை அவன் அப்பா திருத்தினால் ஊர் பேசத்தான் செய்யும்.

குடிக்கிற தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கத்துக்கு நன்னீர் பாலாற்று மணலிலிருந்து வந்தது. பாலாறு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தின் ஆவியைப் பயன்படுத்திக் கடல்நீரைக் காய்ச்சுவதும், சவ்வு வழியாக வடிகட்டுவதும் சேர்ந்து நாளைக்கு 63 லட்சம் லிட்டர் எடுக்கக்கூடிய ஆலை அங்கேயே இருக்கிறது. கூடங்குளத்தில் முதலில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கொண்டு வருவதாக இருந்தது, குமரி விவசாயிகள் விடவில்லை, கடைசியில் கடல்நீரையே நன்னீராக்கும் ஆலை கட்டினார்கள். விவசாயிகள் பிடிவாதம் பிடித்தது நல்லதாகப் போயிற்று.

2004 டிசம்பர் 26 காலையில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை பராமரிப்புக்காக நின்றிருந்தது. அந்தச் சுரங்கம் வழியாகவே சுனாமி பம்பு நிலையத்துக்குள் ஏறியது, குளிர்விக்கும் பம்புகள் நின்றன, ஆபரேட்டர்கள் உலையை நிறுத்தினார்கள். உலைக் கட்டடத்துக்குத் தண்ணீர் போகவில்லை. ஒரு வாரத்தில், ஜனவரி 2-ம் தேதி, மறுபடி ஓடியது. ஆனால் குடியிருப்பிலும் பக்கத்துக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. கண்காணிக்க எவ்வளவோ கருவி இருந்த ஊரில், கடல் வருகிறது என்று குப்பத்துக்குச் சொல்ல ஒரு சைரன் ஊதவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பெட்ரோல் பங்கில் விலை எழுதி வைக்கிறார்களே, அது மாதிரி ஒரு பலகை. மீன் ஏலம் நடக்கிற இடத்தில், தமிழில். இன்றைக்கு உள்ளே போன தண்ணீர் இவ்வளவு, சூடு இவ்வளவு, வெளியே வந்த சூடு இவ்வளவு, குளோரின் மிச்சம் இவ்வளவு, இந்த மாதம் மீன் சாம்பலில் இவ்வளவு. எல்லாமே ஏற்கெனவே அளக்கிற எண்கள்தான். ஆண்டறிக்கையில் கட்டம் கட்டமாக அச்சாகிற எண்ணை விடியற்காலை நாலு மணிக்குக் கட்டுமரம் தள்ளுகிறவர் எங்கே போய்த் தேடுவார்?

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். கேள்வி கேட்கலாம். மைக்கை முதலில் அந்த மூலைக்குக் கொடுங்கள், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிற அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.