கண்முன் தொங்கும் நார்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசிக்க வாசிக்க, வரிகளுக்குக் குறுக்கே ஒரு சாம்பல் வளையம் போய்வந்துகொண்டிருக்கிறது. துரத்தினால் ஓடும், சும்மா விட்டால் திரும்பி வரும். எனக்கு 61 வயது. அந்த வளையம் என் வலது கண்ணுக்குள் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. முப்பது வருஷமாக மற்றவர்கள் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தே பிழைத்தவள் நான். அது வந்த அன்று எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது.

நாங்கள் இதை ‘ஃப்ளோட்டர்ஸ்’ என்போம். வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொசு, ஈ, நூலாம்படை, முடி, புழு, புகை என்று அவரவர் வீட்டில் பார்த்ததைச் சொல்வார்கள். வக்கீல் ஒருவர் ‘கமா’ என்றார். பழைய மருத்துவ நூல்களிலும் லத்தீனில் இதற்குப் ‘பறக்கும் ஈக்கள்’ என்றுதான் பெயர். ஆனால் நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘கண்ணுல பூச்சி பறக்குது’ என்றால் நம் பேச்சில் பசி, மயக்கம், ரத்தக்குறைவு. அதனால் நிஜமாகவே கண்ணில் பூச்சி பறக்கும்போதும் நம் பெண்கள் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.

பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. நாலு நாளாக அவர் கண்முன் ஒரு வாழைநார் தொங்கியிருக்கிறது. “தலையில நார் ஒட்டியிருக்குன்னு நெனச்சு கையால வெலக்கிக்கிட்டே இருந்தேன் டாக்டரம்மா” என்றார். ராத்திரியில் இடது ஓரமாகப் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வேறு. வீட்டில் டியூப்லைட்டைச் சந்தேகப்பட்டு மகன் ஸ்டார்ட்டரை மாற்றியிருக்கிறார். அப்புறமும் பளிச்சென்றது. விளக்கை அணைத்த பிறகும் பளிச்சென்றபோதுதான், “இது லைட்டு இல்லடா” என்று மகனோடு பஸ் ஏறியிருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது? விழிக்கோளத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது கூழ் போன்ற ஒரு பொருள். விட்ரியஸ் என்று பெயர். அளவு சுமார் 4 மில்லி, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்கள் அதைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. இளசான நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: பனை நுங்கு முற்ற முற்ற இறுகும், கண்ணுக்குள் இருக்கும் நுங்கு முற்ற முற்ற நீர்த்துப்போகும். நீர்த்துப்போகும்போது நார்கள் ஒன்றோடொன்று திரிந்து முடிச்சாகின்றன. அந்த முடிச்சின் நிழல் பின்னால் இருக்கும் விழித்திரையில் விழுகிறது. நாம் பார்க்கும் கொசு அந்த நிழல்தான். வெள்ளைச் சுவர், வானம், செல்போன் திரை என்று வெளிச்சமான பரப்பைப் பார்க்கும்போது அது துலக்கமாகத் தெரிவதும் அதனால்தான்.

இது பாதிக் கதை. ஐம்பது வயதுக்கு மேல், ஏதோ ஒரு நாளில், நீர்த்துப்போன கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இது சீக்கிரமே நடக்கும். பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த இடம் வளையமாகவே கழன்று வந்து மிதக்கும். என் வளையம் அப்படி வந்ததுதான். இந்த விலகல் நரை விழுவதைப் போல வயதின் வேலை. பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் முடிந்துவிடுகிறது.

சிலருக்குத்தான் அப்படி முடிவதில்லை. சுவரில் ஒட்டிய போஸ்டரை உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? முக்கால்வாசி சுத்தமாக வந்துவிடும். ஒரு மூலையில் பசை கெட்டியாகப் பிடித்திருந்தால், அந்த இடத்துச் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்துவிடும். விழித்திரை அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத சவ்வு. கூழ் இழுக்கும் இழுப்பில் அது கிழியலாம். சுவர் விரிசலில் மழைத்தண்ணீர் இறங்கினால் பூச்சு உப்பிப் பெயர்கிற மாதிரி, அந்தக் கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரையையே சுவரிலிருந்து பெயர்த்துவிடும். பெயர்ந்த பகுதிக்குப் பார்வை கிடையாது.

இவ்வளவு நடந்தும் வலி இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை வெளிச்சம். இழுத்தாலும் வெளிச்சம் என்றே மூளைக்குச் சொல்லும். அந்த அம்மா வீட்டில் ஸ்டார்ட்டர் மாற்றியது இதனால்தான். இருட்டில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது, ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பார்க்கும் வெளிச்சம் வேறு: அது கோணல்மாணலாக, மினுமினுத்துக்கொண்டே, இருபது முப்பது நிமிஷம் மெல்லப் பரவும், ஒரு கண்ணை மூடினாலும் மற்ற கண்ணில் தெரியும்.

திடீரென்று புதிதாகப் பூச்சியும் மின்னலும் வந்து எங்களிடம் வருபவர்களில், ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு, சில இடங்களில் அதைவிடச் சற்று அதிகமாக, கிழிசல் இருக்கிறது. ஒன்பது பேரை ‘ஒன்றுமில்லை, போய்வாருங்கள்’ என்று அனுப்புகிறோம். பத்தாவது ஆள் யார் என்பது உள்ளே பார்க்காமல் தெரியாது. அவருக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் வீட்டில் தெரிந்தது அதே கொசுதான்.

என் அனுபவத்தில் கவலை எப்போதும் தவறான வீட்டுக்கதவைத் தட்டுகிறது. இருபத்தைந்து வயதுப் பையன்கள் வருவார்கள், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிற வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே வானத்தைப் பார்த்தால் கண்ணாடி இழைகள் தெரிந்திருக்கும். இப்போது ராத்திரி ரெண்டு மணிக்குச் செல்போனில் தேடிப் படித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வருஷக்கணக்கில் மாறாமல் இருக்கும் இழைக்கு அவசரமே கிடையாது. ஒருமுறை முழுசாகப் பரிசோதித்துக்கொண்டால் போதும். நேற்று முளைத்த பூச்சியோடு வரவேண்டிய பெரியவரோ, ‘தீபாவளி முடியட்டும், பேத்தி சடங்கு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டிருப்பார். பூச்சி எவ்வளவு பெரிது, எவ்வளவு தொந்தரவு என்பதை விட்டுவிடுங்கள். அது என்றைக்கு வந்தது என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

புதிதாக ஒரு பூச்சி வந்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் கிளம்புங்கள். மிளகுத்தூளைக் கொட்டியது போலக் கரும்புள்ளிகள் சட்டென்று இறைந்தாலோ, மின்னல் சேர்ந்து வந்தாலோ, பந்தோ பட்டாசோ கண்ணில் பட்ட பிறகு வந்தாலோ மறுநாள் என்ற பேச்சே வேண்டாம். ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி ஒரு பக்கம் மறைத்தால், அது ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. நடுப்பார்வைக்கு உரிய இடம் பெயர்வதற்குள் வந்துவிட்டால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக நல்லது. பெயர்ந்த பிறகு ஆபரேஷன் வெற்றியானாலும் பழைய கூர்மை முழுசாகத் திரும்புமென்று வாக்குக் கொடுக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று: அவர்கள் பார்க்கும் ‘புகை’ பல நேரம் உள்ளே கசிந்த ரத்தம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, கூடவே பூச்சியும் தெரிந்தால் அது கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம்; மெடிக்கலில் கேட்டு வாங்கின சொட்டுமருந்தால் அது நிற்காது.

எதையும் நிச்சயம் செய்யும் முன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும்.

எங்கே போவது என்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. “கண்ணாடிக் கடையில கம்ப்யூட்டர்ல பாத்தாங்க, கண்ணு நல்லாருக்குன்னுட்டாங்க” என்பார்கள். அந்த மெஷின் பவரைத்தான் அளக்கும். கிழிசல் பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில் இருக்கும். சொட்டுமருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தால்தான் தெரியும். உள்ளே ரத்தம் மறைத்தால் கண்ணுக்கும் ஸ்கேன் உண்டு. சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் கண் கூசும், பக்கத்து எழுத்துத் தெரியாது. பைக்கில் தனியாக வராதீர்கள்.

சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அப்போது உயிருள்ள கண்ணுக்குள் எட்டிப் பார்க்க வைத்தியர்களுக்குக் கருவியே கிடையாது. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி அப்படியொரு கருவியை வெளியிட்டது 1851-ல். பார்க்க முடிந்த பிறகும் பலகாலம், விழித்திரை பெயர்ந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பதுதான் வைத்தியம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனின் 1920-களில் வாதாடினார்: கிழிசலைத் தேடிக் கண்டுபிடி, சூடு வைத்து அதை அடை, விழித்திரை ஒட்டிக்கொள்ளும். நம்ப ஆளில்லை. செய்து காட்டினார். பிறகு ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கராத் என்ற கண் டாக்டர், 1945 சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவரின் விழித்திரையில் விழுந்த தழும்பைக் கவனித்து, வெளிச்சத்தாலேயே சூடு வைக்கலாமே என்று யோசித்தார். கண்ணைக் கெடுத்த கிரகணத்திலிருந்து கண்ணுக்கு வைத்தியம் பிறந்தது. இன்று லேசர்.

கிழிசல் மட்டும் இருந்தால் அதைச் சுற்றி லேசரில் வேலி போட்டுவிடுவோம். உட்கார்ந்தபடியே, சில நிமிஷ வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம். வேலி இறுக இரண்டு வாரம் ஆகும். பெயர்ந்துவிட்டால் ஆபரேஷன்தான், சிலருக்கு உள்ளே வாயுவை நிரப்புவோம். அது கரையும்வரை விமானமும் கூடாது, கொடைக்கானலும் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரியும்.

பூச்சியைக் கரைக்கச் சொட்டுமருந்து உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. மாத்திரையும் இல்லை, கண்ணை உருட்டுகிற பயிற்சியிலும் போகாது. தேனோ, தாய்ப்பாலோ, இலைச்சாறோ விடாதீர்கள். பூச்சி இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேராது, போகிற வழியில் புண்ணாக்கும். கூழையே எடுத்துவிடும் ஆபரேஷன் ஒன்று உண்டு. அதில் புரை வரும், சில சமயம் விழித்திரையே கிழியும். மிகவும் அவதிப்படுகிறவர்களுக்குத்தான் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்போம்.

‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பியவர்களையும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் திரும்ப வரச்சொல்வோம். முதல் நாள் இல்லாத கிழிசல் பிறகு வரலாம். இடையில் பூச்சி கூடினால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பூக்கட்டும் அம்மாவுக்கு இடது கண்ணில் மேல் ஓரத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு கிழிசல். பெயரவில்லை. அன்றைக்கே லேசர் வைத்தோம். ஆறு வாரம் கழித்து வந்தார். வேலி நன்றாகப் பிடித்திருந்தது, மின்னலும் நின்றிருந்தது. அவருக்குத் திருப்தியில்லை.

“ஓட்டையச் சுத்தி அடச்சாச்சுன்னீங்க. நார் இன்னும் தொங்குதே டாக்டரம்மா?”

லேசர் கிழிசலுக்கு, நாருக்கு இல்லையம்மா, அது மெல்லக் கீழே இறங்கும், கொஞ்ச மாதத்தில் மனசும் கண்டுகொள்ளாது என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“மல்லி கட்டுறப்பதான் தெரியுது. கனகாம்பரம் கட்டுறப்ப காணோம்” என்றார்.

நன்றி. வணக்கம்.