அரை நூல் விஷயம்

எல்லாருக்கும் வணக்கம். நம் தர்மப் போர்வைக்குக் கட்டம் தைத்து அனுப்பப் போகிற உங்களிடம் அளவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.

என் கையில் இருக்கும் இந்தத் துணிக் கட்டம் பின்வரிசை வரைக்கும் தெரிகிறதா? கருநீலமும் வெள்ளையும். நடுவில் வெள்ளைச் சதுரம், அதைச் சுற்றி நீலப் பட்டை, நாலு மூலையிலும் முக்கோணம். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். கிட்டே வந்து பார்த்தால் உருப்படாத கட்டம். தைத்தது நான்தான். (சிரிப்பு)

தர்மத்துக்கு ஒட்டுப் போர்வை தைக்கும் குழு ஒன்றுக்கு நான் முதன்முதலாக அனுப்பிய கட்டம் இது. ஆளுக்கு ஒரு கட்டம் தைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் சேர்த்துப் போர்வையாக்கி ஆஸ்பத்திரிக்கோ, வீடிழந்தவர்களுக்கோ கொடுப்பார்கள். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தைத்தேன். பத்து நாளில் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. "12½ அங்குலம் கேட்டிருந்தோம். இது மேலே 12¼, நடுவில் 12. மன்னிக்கவும்." அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் துணி, என் நூல், என் தூக்கம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்களே என்று வீட்டில் எல்லாரிடமும் புலம்பினேன். பிறகு சில வருஷம் கழித்து, வருகிற கட்டங்களைச் சேர்த்துத் தைக்கும் வேலை என் தலையிலேயே விழுந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சீட்டை எழுதிய அம்மாவின் பொறுமை எனக்குப் புரிந்தது. இந்த மாட்டை நாலு பேருடைய மாட்டோடு சேர்த்து ஒரே ஏரில் பூட்டப் போகிறார்கள். பல்லைப் பார்க்காமல் எப்படி?

இந்த வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'சர்ன் டாஷ்' என்று பெயர். வெண்ணெய் கடையும் மத்து. நம் மத்து சுழலும். அவர்களுடையது உயரமான மரத் தொட்டிக்குள் மேலும் கீழும் இடிக்கும் கோல். அதன் அடிப்பலகையை மேலிருந்து பார்த்தால் இப்படி இருக்குமாம். இதே வடிவத்துக்கு 'மங்கி ரென்ச்' என்றும் பெயர் உண்டு, 'கொட்டகைக் கதவில் ஓட்டை' என்றும் உண்டு. எந்தக் கையில் என்ன கருவி இருந்ததோ, அந்தக் கை வைத்த பெயர். பழைய அமெரிக்கக் கட்டங்கள் பலவற்றுக்கு இப்படி மூன்று நான்கு பெயர் இருக்கும்.

'மங்கி ரென்ச்' என்றதும் ஒரு கதை சொல்வார்கள். அடிமைகள் தப்பியோடிய காலத்தில், வேலியில் இந்தப் போர்வை தொங்கினால் 'கருவிகளைச் சேர்த்துக்கொள், புறப்படும் நேரம் வந்துவிட்டது' என்று அர்த்தமாம். கேட்க மெய்சிலிர்க்கும். 1999இல் வந்த ஒரு புத்தகத்தால் ஊரெல்லாம் பரவிய கதை இது. ஆனால் அந்தக் காலத்துச் சாட்சியம் எதுவும் இதற்கு இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் மறுக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி. தப்பியோடியவர்களின் துணிச்சலுக்கு நம் போர்வை சாட்சி சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இன்னொரு கதை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கடவுள் ஒருவரே குறையற்றவர், ஆகையால் அந்தக் காலத்துப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு தவறு தைத்தார்கள் என்பது. அதற்கும் ஆதாரம் கிடையாது. எனக்குத் தெரிந்து, தவறு செய்ய யாருக்கும் வேண்டுதல் தேவைப்பட்டதில்லை. அது தானாகவே வரும்.

சரி, கட்டத்துக்கு வருவோம். மூன்றுக்கு மூன்று, ஒன்பது அறை. தைத்து முடிந்து போர்வையில் உட்காரும்போது ஒவ்வோர் அறையும் 4 அங்குலம், முழுக் கட்டம் 12. சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். அதனால் நீங்கள் அனுப்பும்போது 12½ இருக்க வேண்டும். நடுச்சதுரம் 4½க்கு வெட்டுங்கள். பட்டைகள் 2½க்கு 4½, நீலத்தில் நாலு, வெள்ளையில் நாலு. ஒரு நீலமும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு பட்டை அறை. மூலை முக்கோணங்களுக்கு 5 அங்குலச் சதுரம் நீலத்தில் இரண்டு, வெள்ளையில் இரண்டு.

முக்கோணத்தை முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள். வெட்டிய சாய்வு ஓரம் துணியின் க்ராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாகப் போகும், தொட்டாலே இழுபடும். நீலச் சதுரத்தின் மேல் வெள்ளைச் சதுரத்தை வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் அங்குலம் தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் அங்குலம் தள்ளி ஒரு தையல். அதன் பிறகு கோட்டின் மேல் வெட்டினால் பாதி நீலம் பாதி வெள்ளையாக இரண்டு சதுரம் கிடைக்கும். 4⅞ அங்குலத்துக்கு வெட்டினாலே கணக்குச் சரியாக வரும் என்று வடிவப் புத்தகங்களில் போட்டிருக்கும். நான் 5 வெட்டி, தைத்த பிறகு 4½க்குச் சீவிவிடுவேன். கொஞ்சம் துணி வீண். நிம்மதி அதைவிடப் பெரிது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து 'நூல்' என்பார்கள் இல்லையா? அந்தக் கணக்கில் நம் தையல் விளிம்பிலிருந்து இரண்டு நூல் உள்ளே ஓட வேண்டும். என் கட்டத்தில் அது இரண்டரை நூல் உள்ளே ஓடியிருக்கிறது. அரை நூல்தான் அதிகம், ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது.

ஆனால் ஒரு தையல் என்பது இரண்டு துணி. இந்தப் பக்கத் துணியில் அரை நூல், அந்தப் பக்கத் துணியில் அரை நூல். ஆக ஒவ்வொரு தையலும் ஒரு நூல் துணியைத் தின்றுவிடுகிறது. மேல் வரிசையைப் பாருங்கள்: முக்கோண அறை, பட்டை அறை, முக்கோண அறை. குறுக்கே இரண்டு தையல். இரண்டு நூல் போயிற்று, 12¼. நடு வரிசையில் பட்டைகள் செங்குத்தாக நிற்கின்றன. பட்டை, பட்டை, சதுரம், பட்டை, பட்டை. அங்கே நாலு தையல். நாலு நூல், அதாவது அரை அங்குலம் போயிற்று, 12. ஒரே கட்டத்தில் மேல் வரிசை ஓர் அளவு, நடு வரிசை ஓர் அளவு! இரண்டையும் சேர்க்கும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நடு வரிசையை இழுத்துப் பிடித்துத் தைத்தேன். அதனால்தான் இது தட்டையாகப் படுக்காமல் நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கிறது. நீல முக்கோணத்தின் முனைகளும் அடுத்த அறையின் தையலுக்குள் போய் மழுங்கியிருக்கும்.

இதைப் பக்கத்தில் 12½ அங்குலக் கட்டத்தோடு சேர்க்கச் சொன்னால் சேர்ப்பவர் என்ன செய்வார்? இழுத்துத் தைத்தால் போர்வை அலையடிக்கும். பெரியதை வெட்டினால், ஒழுங்காகத் தைத்தவரின் முனை போகும். நான் செய்த தவறுக்கு இன்னொருவர் முனையை இழக்க வேண்டியதாகிறது.

அதனால் தைக்கத் தொடங்கும் முன் உங்கள் மெஷினைப் பரீட்சை பண்ணுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று கீற்று வெட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். மொத்தம் 3½ அங்குலம், நடுக்கீற்று மட்டும் சரியாக ஓர் அங்குலம் வர வேண்டும். ஸ்கேலில் பிடித்துக் கால் அங்குலம் தைத்தவர்களுக்குக்கூடக் கொஞ்சம் குறையும். காரணம், தையலில் துணி மடியும் இடமும் ஓர் இழை கனம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகவே தைக்க வேண்டும். சரியான இடம் பிடிபட்டதும் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு ஊசியைப் பார்த்துக்கொண்டு தைக்காதீர்கள், டேப்பைப் பாருங்கள்.

இஸ்திரி பற்றி ஒரு வார்த்தை. சட்டைக்குத் தேய்ப்பதுபோல் பெட்டியை ஓட்டாதீர்கள். வையுங்கள், எடுங்கள், தள்ளி வையுங்கள். ஒரு வரிசைக்குள் அறைகளைச் சேர்த்த தையல்களின் உள் ஓரத்தை எல்லாம் பட்டை இருக்கும் பக்கமாகவே படிய வையுங்கள். மேல் வரிசையில் அது உள்பக்கம் படியும், நடு வரிசையில் வெளிப்பக்கம். இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். விரல் நுனியால் தடவினால் 'சிக்'கென்று உட்காருவது தெரியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அது. அங்கே குண்டூசிகூட வேண்டாம்.

குண்டூசி என்றதும் ஞாபகம் வருகிறது. அனுப்பும் முன் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். துணிக்குள் மறைந்த ஊசி, போர்வையை விரித்துப் படுக்கும்போதுதான் வெளியே வரும். துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும். அடர் சிவப்பு, கருநீலம் எல்லாம் சாயம் போகிறதா என்று முன்பே நனைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் போர்வை வெந்நீரில் வெளுக்கப்படும். குழந்தைகளுக்கு என்றால் பொத்தான், மணி, ஜரிகை கூடவே கூடாது. வாசனைத் திரவியமும் வேண்டாம்.

அளவு, அளவு என்று இவள் உயிரை எடுக்கிறாளே என்று தோன்றலாம். தர்மத்துக்குத் தைக்கும்போது அளவு வகுப்பது புதிதல்ல. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வை கேட்ட சானிட்டரி கமிஷன் என்ற நிவாரண அமைப்பு 7 அடி நீளம், 50 அங்குல அகலம் என்று சொல்லித்தான் கேட்டது. வீட்டுக் கட்டிலுக்கான போர்வை அந்த ஒடுங்கிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் தரையில் புரளும்.

நூறு வருஷம் தாண்டி வாருங்கள். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காகச் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய நினைவுப் போர்வை, 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்டது. 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் ஒருவர் பெயரில். ஒன்றில் ஜீன்ஸ் துணி, ஒன்றில் கரடிப் பொம்மை, ஒன்றில் கழுத்துப்பட்டை என்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஆனால் அளவு மட்டும் ஒன்றே. 3 அடிக்கு 6 அடி, ஒரு மனிதனைப் புதைக்கும் குழியின் அளவு. எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். தைத்தவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. பலர் அதற்கு முன் ஊசி பிடித்ததே இல்லை. ஆனாலும் அந்த ஓர் அளவைக் காப்பாற்றியதால் அத்தனை பேருடைய துக்கமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க முடிந்தது.

நிறத்தையும் பூவையும் உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டோம். அதில் யாரும் குறுக்கே வர மாட்டோம். ஆரஞ்சும் ஊதாவும் சேர்த்துக் கண்ணைப் பறித்தாலும் சரி. நாங்கள் கேட்பது அந்த இரண்டு நூலை மட்டும்.

வெளியே மேசையில் ஒன்றரை அங்குலக் கீற்றுகள் மும்மூன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம். நாலு மெஷினும் இருக்கின்றன. போகும் முன் ஆளுக்கு ஒரு கட்டு தைத்துக் கொண்டுவாருங்கள். வாசலில் நான் ஸ்கேலோடு நிற்பேன். இந்தப் பழைய கட்டத்தை இப்போது சுற்றுக்கு விடுகிறேன். நடு வரிசையைத் தொட்டுப் பாருங்கள், தையல் பிரிக்கும் ஊசியோடு யாரும் கிட்டே போக வேண்டாம். பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுங்கள். அதற்குத் திரும்பி வந்து பழக்கம்தான்.