கேமரா பேக் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்து முழுசா பேசிடலாம். ஏன்னா இதையேதான் வேற வேற மாதிரி நிறைய பேர் கேட்டுக்கிட்டு இருக்கீங்க.

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "என்கிட்ட ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 24-70, 70-200ன்னு ரெண்டு எஃப் 2.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ் இருக்கு. சில நாள் லேப்டாப்பும் கூட வரும். கல்யாண வேலைக்குப் போறேன், லீவு நாள்ல பறவை எடுக்க மலைப் பக்கமும் போறேன், எப்பவாவது விமானப் பயணமும் இருக்கு. பேக்பேக் வாங்கவா, ஷோல்டர் பேக் வாங்கவா? எத்தனை லிட்டர் வாங்கணும்?"

முதல்ல லிட்டர் கணக்கை விட்டுடுங்க. அது பைக்குள்ள இருக்கிற மொத்த இடம், அவ்வளவுதான். 20 லிட்டர்னு போட்ட ரெண்டு பேக்ல ஒண்ணு முழுக்க கேமராவுக்குன்னே இருக்கும். இன்னொண்ணுல கீழ்ப்பாதிதான் கேமராவுக்கு, மேல்பாதி ஜாக்கெட்டும் தண்ணி பாட்டிலும் வைக்கிறதுக்கு. அதனால உள்ளளவைப் பாருங்க, அதுலயும் ஆழத்தைப் பாருங்க. தூரத்துல இருக்கிறதைக் கிட்டத்துல காட்டுற உங்க 70-200 லென்ஸ் பெரும்பாலும் 20 செ.மீ. கிட்ட நீளம் இருக்கும். கேமராவுல மாட்டின நிலையிலேயே உள்ள வைக்கணும்னா 30 செ.மீ. கிட்ட இடம் வேணும். லென்ஸைக் கழட்டித்தான் வைக்க முடியும்னா, பறவை வந்து உக்கார்ற நேரத்துல நீங்க லென்ஸ் மாட்டிக்கிட்டு இருப்பீங்க.

நான் யாருக்கு பேக் சொன்னாலும் முதல்ல ஒண்ணுதான் கேப்பேன். கேமரா உங்க கைக்கு வர்றதுக்குள்ள எத்தனை வேலை செய்யணும்? கேமராவைப் பத்திரமா வைக்கிறதுக்கு எந்தப் பையும் போதும். ஆனா அதுல இருந்து எடுக்கிறது சிரமமா இருந்தா, நீங்க எடுக்கவே மாட்டீங்க. "சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு நடந்துடுவீங்க. அங்கதான் படம் போகுது.

இப்ப கல்யாண வேலையை எடுத்துக்கோங்க. கூட்டத்துக்கு நடுவுல நிக்கிறீங்க, கீழ வைக்க இடம் கிடையாது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை லென்ஸ் மாத்தணும். பேக்பேக் அங்க சரிப்படாது. கழட்டணும், தரையில படுக்க வைக்கணும், குனியணும், ஜிப்பைச் சுத்தித் திறக்கணும். அதோட நீங்க திரும்பும்போதெல்லாம் பின்னாடி நிக்கிறவங்க மேல இடிக்கும். இங்க ஷோல்டர் பேக்தான். 1970-கள்ல பிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகையில புகைப்படக்காரரா இருந்த ஜிம் டோம்கி, வேலைக்கு ஏத்த பை கிடைக்காம தானே ஒண்ணு வடிவமைச்சார். கனமான கான்வாஸ் துணி, பேடிங் கம்மி. பெட்டி மாதிரி விறைப்பா நிக்காம இடுப்போட ஒட்டித் தொங்கும், கை நேரா உள்ள போகும். பத்திரிகைக்காரங்க நடுவுல அது நிலைச்சு நின்னதுக்குக் காரணம் அதுதான். பேடிங் எவ்வளவு தடிமனா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். தடிமன் ஏற ஏற உள் இடம் குறையுது, வெளி உருவம் பெருசாகுது.

ஷோல்டர் பேக் பாக்கும்போது மூடி எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாருங்க. உடம்பைப் பார்த்து மடங்குற மூடி உங்க வயித்துக்கும் பைக்கும் நடுவுல நிக்கும், கை நுழைக்கவே விடாது. வெளிப்பக்கமா மடங்கினா உள்ள இருக்கிறது அப்படியே கண்ணுக்குத் தெரியும். அப்புறம், சர்ருன்னு சத்தம் போடுற வெல்க்ரோ மூடி வேண்டாம். ஒரு சடங்கு நடக்கும்போது எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க.

மலைக்குப் போறது இதுக்கு நேர் எதிர். அங்க ஒரே தோள்ல சுமந்தா அரை மணி நேரத்துல கழுத்து பிடிச்சுக்கும். எடையைக் கணக்குப் போடுவோம். பாடி, அதாவது லென்ஸ் மாட்டாத கேமரா, 700 கிராம். 24-70 ஒரு 850 கிராம். 70-200 எந்த மாடல்ங்கிறதைப் பொறுத்து ஒரு கிலோல இருந்து ஒன்றரை கிலோ வரைக்கும், 1.4ன்னு வைங்க. ஃபிளாஷ் பேட்டரியோட அரை கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் 1.8 கிலோ. மெமரி கார்டு, பேட்டரி, துணி, ஃபில்டர் எல்லாம் சேர்ந்து அரை கிலோ. மொத்தம் 5.75 கிலோ. இதுல காலி பேக்கோட எடை இன்னும் வரலை. நல்லா பேடிங் போட்ட பேக்பேக் காலியாவே 2 கிலோ வரும். ஆக 7.75.

நிறைய விமான நிறுவனங்கள்ல கேபினுக்குள்ள கொண்டுபோற பைக்கு 7 கிலோதான் வரம்பு. அதே சாமானை 1.2 கிலோ பேக்ல வெச்சா 6.95. வரம்புக்குள்ள நிக்குது! அதனால வாங்கும்போது காலி எடையைக் கேளுங்க. விளம்பரத்துல பாக்கெட் எத்தனைன்னு பெருசா போட்டிருப்பாங்க, எடை எங்கயோ ஒரு ஓரத்துல இருக்கும். தேடிப் படிங்க.

விமானம்னு சொன்னதால பேட்டரி விஷயத்தையும் சொல்லிடறேன். தனியா வெச்சிருக்கிற லித்தியம் பேட்டரி எதுவுமே லக்கேஜ்ல போடக்கூடாது, கையில வர்ற பையில்தான் இருக்கணும். பவர் பேங்க்கும் அப்படித்தான். ஒரு பேட்டரிக்கு 100 வாட்-ஹவர் (பேட்டரியில எவ்வளவு சக்தி அடங்கியிருக்குங்கிற அளவு) வரைக்கும் பொதுவா பிரச்சனை இல்லை. 100-க்கு மேல 160 வரைக்கும்னா விமான நிறுவனத்தோட அனுமதி வேணும். கேமரா பேட்டரி இதுல ரொம்பச் சின்னது. 7.2 வோல்ட், 2280 எம்.ஏ.எச்.னு போட்டிருந்தா ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்துப் பாருங்க, 16.4 வாட்-ஹவர்தான் வரும். ஆனா அதோட உலோக முனை சாவி, சில்லறை மேல படக்கூடாது. அதனால பேட்டரிக்குன்னு தனியா ஒரு சின்ன பாக்கெட் இருக்கிற பேக்கா பாருங்க, இல்லைன்னா பிளாஸ்டிக் மூடி போட்டு வைங்க.

சரி, பேக்பேக்ல எது? எனக்குப் பிடிச்சது முதுகுப் பக்கம் திறக்கிறதுதான். தோள்பட்டி தைச்சிருக்கிற பக்கமே கதவு மாதிரி திறக்கும். இதுல ரெண்டு நன்மை. நீங்க மாட்டியிருக்கும்போது பின்னாடி நிக்கிறவர் திறக்கவே முடியாது. அடுத்தது, ஈரத் தரையில வைக்கும்போது முன்பக்கம்தான் மண்ணுல படும். பட்டியும் முதுகுப் பேடும் மேல பார்த்து காய்ஞ்சே இருக்கும், திரும்ப மாட்டும்போது சட்டையில சேறு ஒட்டாது. குறைன்னா, கழட்டாம கேமரா எடுக்க முடியாது. அதுக்குத்தான் பக்கவாட்டுல ஒரு ஜிப் கூட வெச்ச மாடல் வருது. வசதிதான், ஆனா கடையிலயே சோதிச்சுப் பாருங்க. ஒரு தோள்ல இருந்து கழட்டி, பையை முன்னாடி சுழட்டிக் கொண்டு வாங்க. அந்த ஜிப் மேல பார்த்து இருக்கணும். தரையைப் பார்த்து இருந்தா திறந்த உடனே லென்ஸ் கீழ வந்துடும். அந்த வாய் வழியா 70-200 மாட்டின கேமரா வருதான்னும் பாருங்க. பல பேக்ல சின்ன லென்ஸ் மாட்டியிருந்தா மட்டும்தான் வரும்.

எடை தோள்ல நிக்கக்கூடாது, இடுப்புல இறங்கணும். இடுப்புப் பட்டைன்னு சும்மா ஒரு மெல்லிசு நாடாவைத் தைச்சுக் கொடுக்கறாங்க, அது பை ஆடாம இருக்க உதவும், எடை தாங்காது. பேடிங் உள்ள அகலமான பட்டை, இடுப்பு எலும்பு மேல உக்கார்ற மாதிரி இருக்கணும். பையோட முதுகு நீளம் உங்க முதுகுக்குப் பொருந்தலைன்னா அது வயித்துல போய் உக்காரும், பிரயோஜனமே இல்லை. உள்ள அடுக்கும்போது கனமான லென்ஸ் முதுகை ஒட்டி இருக்கட்டும். டிரைபாடை ஒரு பக்கமா தொங்க விட்டா உடம்பு கோணலாகும், நடுவுல கட்டுற வசதி இருந்தா நல்லது.

மழையைப் பத்தி. தண்ணி புகாத ஜிப்னு போட்டிருந்தாலும் தையல் வழியா இறங்கும். அதனால ரெயின் கவர் கூட வரணும். அந்தக் கவரை நனைஞ்ச நிலையில மடிச்சு உள்ள சொருகாதீங்க.

இதோட சேர்ந்த விஷயம், கேமரா பேக் வேலைக்குக் கொண்டு போறதுக்குத்தான். அலமாரியா வெச்சுக்காதீங்க. ஃபோம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மூடின பைக்குள்ள மாசக்கணக்குல லென்ஸ் கிடந்தா கண்ணாடியில ஃபங்கஸ் வரும், முதல்ல சிலந்தி வலை இழை மாதிரி தெரியும். வீட்டுக்கு வந்ததும் வெளிய எடுத்து, ஈரப்பதம் 40-ல இருந்து 50 சதவீதம் இருக்கிற டிரை பாக்ஸ்ல வைங்க. பையைத் திறந்து காய விடுங்க.

பேக்கோட அடிப்பாகத்தை மட்டும் கையால அழுத்திப் பாத்துடுங்க. பையை இறக்கி வைக்கும்போது முதல் அடி அங்கதான் விழும். மூலையில கட்டை விரலை வெச்சு அழுத்தினா தரை தட்டக்கூடாது. லேப்டாப் அறையும் அடிவரைக்கும் போகாம, ரெண்டு விரல் மேலயே நிக்கணும்.

அப்ப அவருக்கு என்ன பதில்? ரெண்டு வேலைக்கும் ஒரே பேக் தேடாதீங்க, கிடைக்காது. முதுகுப் பக்கம் திறக்கிற, கேமரா அறையைத் தனியா கழட்டி எடுக்க முடியிற பேக்பேக் ஒண்ணு வாங்குங்க. கூடவே அந்த அறை உள்ள அடங்குற அளவுக்கு சாதாரண துணி ஷோல்டர் பேக் ஒண்ணு. மலைக்கு முன்னது, மண்டபத்துக்குப் பின்னது, அறை மட்டும் இடம் மாறும். இப்போதைக்கு ஒண்ணுதான் வாங்க முடியும்னா, எந்த வேலையில அதிக நேரம் செலவழிக்கிறீங்களோ அதுக்கு வாங்குங்க. கல்யாணம் அதிகம்னா ஷோல்டர் பேக். பின்னாடி பெரிய லென்ஸ் வாங்கப் போறேன்னு இப்பவே பெரிய பேக் வேண்டாம், இடம் இருந்தா எதையாவது போட்டு நிரப்பிடுவோம். இப்ப இருக்கிற சாமானோட ஒரே ஒரு லென்ஸுக்குக் கூடுதல் இடம் போதும்.

கடைக்குப் போகும்போது உங்க கேமரா, லென்ஸ், லேப்டாப் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. கேட்டா உள்ள வெச்சுப் பார்க்க விடுவாங்க. அடுக்கி, மாட்டி, ஒரு பத்து நிமிஷம் கடைக்குள்ளயே நடங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு 70-200-ஐ வெளிய எடுத்துப் பாருங்க. தடவித் தேடாம கைக்கு வந்துச்சுன்னா அதை வாங்கலாம்.