கேள்வி கேட்கலாம், பதில் புரிய வேண்டாமா? மாட்ரிட் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ்

அடுத்த கேள்வி. குடும்பத்தோடு மாட்ரிட் போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "'தோந்தே எஸ்தா', அதாவது 'எங்கே இருக்கிறது' என்று கேட்கப் படித்துவிட்டேன். அவர்கள் பதில் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாதே, என்ன செய்வது?"

நியாயமான பயம். பயணத்துக்கான ஸ்பானிஷ் என்று கிடைப்பதில் பெரும்பாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இருக்கும். நான் சொல்வது, பாதி நேரத்தைப் பதிலில் வரும் சொற்களுக்குக் கொடுங்கள். 'தோதோ ரெக்தோ' என்றால் நேராகப் போங்கள். 'அ லா தெரேச்சா' வலது பக்கம், 'அ லா இத்கியெர்தா' இடது பக்கம். 'என்ஃப்ரெந்தே' எதிரே, 'அல் லாதோ' பக்கத்தில். இவை காதில் விழுந்தால் போதும், மீதியை அவர்கள் கை காட்டிவிடும்.

புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் மணிக்கூண்டுக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பெயினின் நெடுஞ்சாலைகளுக்கு சைபர் கிலோமீட்டர் என்று பதித்த கல் அங்கே நடைபாதையிலேயே இருக்கிறது. அங்கிருந்து பிளாத்தா மயோர் என்ற இன்னொரு சதுக்கத்துக்குப் போக வேண்டும். 'பெர்தோனே', அதாவது 'மன்னிக்கவும்' என்று தொடங்கி, 'போர் அக்கீ செ வா அ லா பிளாத்தா மயோர்?' என்று கேளுங்கள். இந்த வழியாகப் போகலாமா என்று கேட்பதால் 'சீ' (ஆம்), 'நோ' (இல்லை) என்றே பதில் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இதுதான். கூடவே 'தோதோ ரெக்தோ, அ லா இத்கியெர்தா' என்பார்கள். காயே மயோர் தெருவில் நேராகப் போனால் இடது கையில் சில நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டடம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. வளைவு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அதனால் 'ஆர்கோ' என்று யாராவது சொன்னால் வளைவைத் தேடுங்கள். உள்ளே நடுவில் குதிரைமேல் மூன்றாம் ஃபிலிப் மன்னர் சிலை இருந்தால் சரியான இடம்தான்.

வேகமாகப் பேசினால் 'மாஸ் தெஸ்பாதியோ, போர் ஃபவோர்', அதாவது 'தயவுசெய்து இன்னும் மெதுவாக' என்று சொல்லுங்கள், நிறுத்திச் சொல்வார்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஸ்பானிஷில் டகரம் இல்லை, நம் தகரம்தான். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டோண்டே எஸ்டா' என்று படிக்காமல் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'தோந்தே'யில் முதல் த மட்டும் 'தர்மம்' என்பதில் வருவது போல. பிளாத்தாவை லத்தீன் அமெரிக்கர்கள் பிளாசா என்பார்கள். நீங்கள் அப்படிச் சொன்னாலும் மாட்ரிட்டில் புரியும்.

அப்புறம் பிராதோ அருங்காட்சியகம். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரையிலும், ஞாயிறு 5 முதல் 7 வரையிலும் இலவசம், அதனால் கூட்டம் இருக்கும். வரிசையில் 'எஸ் லா கோலா பாரா என்த்ரார்?' என்று கேட்டால் உள்ளே போகும் வரிசை இதுதானா என்று உறுதி செய்துகொள்ளலாம். 'சலீதா' என்ற பலகை வெளியே போகும் வழி. உள்ளே வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' முன்னால் நின்றதும் கை தானாக ஃபோனுக்குப் போகும். 'ஃபோதோஸ் நோ' என்று காவலர் சொன்னால் உள்ளே வைத்துவிடுங்கள், அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை.