மோசல் பள்ளத்தாக்கில் மலை சைக்கிள்: திராட்சைத் தோட்டத்துக்குள் ஓட்டலாமா?

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "ஜெர்மனியில் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மவுன்டன் பைக் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் நான் பார்க்கிற படங்களில் எல்லாம் ஆற்றங்கரையில், சமதளத் தார்ப்பாதையில்தான் சைக்கிள் போகிறது. மேலே திராட்சைத் தோட்டங்களுக்குள் ஓட்ட விடுவார்களா? 12 வயது மகளையும் அழைத்துப் போகலாமா?"

இரண்டுமே முடியும். ஆனால் எந்தப் பாதையில், எந்த மாதத்தில் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோசலை மூன்று மாடி வீடு போல நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஆறு, கரையோர ஊர்கள், நீங்கள் படத்தில் பார்த்த சைக்கிள் பாதை. நடுத்தளம் முழுக்கத் திராட்சைச் சரிவுகள். மேல்தளத்தில் காடும் வயலும் கலந்த மேட்டு நிலம். வடமேற்கே ஐஃபல், தென்கிழக்கே ஹூன்ஸ்ரூக். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றோடு போனால் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் கீழ்த்தளத்திலேயே புறப்பட்டு அங்கேயே முடித்துவிடுகிறார்கள். குடும்பமாக நிதானமாகப் போக அது அருமையான பாதைதான், மறுக்கவில்லை. மலை சைக்கிளோடு வருகிறவர் மட்டும் ஆறு போகிற திசையில் கிலோமீட்டரை எண்ண வேண்டாம். ஏதாவது ஒரு ஊரில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். காலையில் ஏறி, மேட்டில் ஓட்டி, மாலையில் வேறொரு சரிவு வழியாக இறங்குங்கள். மோசலின் சுவை அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

ப்ரெம் என்ற சின்ன ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆறு ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்புகிறது. ஊருக்கு மேலே நிற்கும் கால்மோன்ட் மலைச்சரிவுதான் ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது. சில இடங்களில் சரிவு 60 பாகையையும் தாண்டுகிறது. அந்தச் சரிவின் குறுக்கே ஏணியும் இரும்புக் கயிறும் வைத்து ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அது நடப்பவர்களுக்கானது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் போகலாமா என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். மேட்டுப் பக்கத்துப் பாதைகளில் சுற்றி வந்தால் 378 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சியை அடையலாம். ஏறத்தாழ 280 மீட்டர் கீழே ஆறு வளைந்து போவதும், எதிர்க்கரையில் பழைய ஷ்டூபன் மடத்தின் இடிந்த சுவர்களும் தெரியும். மேலே வரும் வரை மூச்சு வாங்கியதெல்லாம் மறந்துபோகும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். மோசல் சரிவுகளில் பல இடங்களில் நிலச் சீரமைப்பு செய்து, விவசாய வண்டிகள் போக கான்கிரீட் பாதையும் தார்ப்பாதையும் போட்டிருக்கிறார்கள். சரிவின் இடுப்புயரத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பாதைகள் அவை. தடைப் பலகை இல்லாத இடத்தில் அவற்றில் தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம். கொடி வரிசைகளுக்கு நடுவே மட்டும் இறங்கக் கூடாது. அது ஒருவருடைய நிலம்.

ஒரு கொடியின் பக்கத்தில் இறங்கி நின்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும். செங்குத்தான பழைய தோட்டங்களில் கம்பிப் பந்தல் கிடையாது. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பு. போன வருடத்துக் கிளைகள் இரண்டை இரு பக்கமும் வளைத்து அதே கம்பில் கட்டிவிடுகிறார்கள். பார்க்க இதய வடிவில் இருக்கும். கம்பி குறுக்கே இல்லாததால் வேலை செய்கிறவர் சரிவில் எந்தப் பக்கமும் நடக்க முடியும். கீழே மண் என்று சொல்லும்படி அதிகம் இருக்காது, உடைந்த ஸ்லேட் கல் சில்லுகள்தான். பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அந்தக் கற்கள் விடும் வெப்பத்தால்தான் இவ்வளவு வடக்கே ரீஸ்லிங் திராட்சை பழுக்கிறது. ஒரு சைக்கிள் டயர் அங்கே வழுக்கினால் அந்தச் சில்லுகள் சரசரவென்று கீழே போய்விடும். சறுக்கிப்போன கல்லை மறுபடி மேலே கொண்டுவருவது மனித உழைப்பு. பாதையோரத்தில் பல் வைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்று நேராக மேலே ஏறுவதையும் சில இடங்களில் காணலாம். சின்ன எஞ்சின் வைத்த ஒரு வண்டி அதில் ஆளையும் பழக்கூடையையும் ஏற்றிப் போகும். டிராக்டர் ஏற முடியாத நிலத்தில் இப்படித்தான் விவசாயம் நடக்கிறது. எனக்கு அந்த ஆட்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

பலகைகளைப் பற்றி. வட்டமான சிவப்பு வளையம், நடுவில் வெறும் வெள்ளை: எந்த வண்டியும் போகக் கூடாது, சைக்கிளும் சேர்த்துத்தான். அதற்குக் கீழே 'ராட்ஃபாரர் ஃப்ரை' என்று இருந்தால் சைக்கிளுக்கு விலக்கு. விவசாய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு என்று எழுதியிருந்தால் அது நமக்குப் பொருந்தாது. வளையத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் நமக்குத் தடை இல்லை.

மேலே காட்டுக்குப் போனதும் விதி மாறும். இந்தப் பகுதி ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் வருகிறது. அந்த மாநில வனச் சட்டப்படி சாலைகளிலும் வன வேலைக்கான பாதைகளிலும் சைக்கிள் ஓட்டலாம். ஒற்றையடிப் பாதைகள் அந்தக் கணக்கில் வராது. எனவே செயலியில் அழகான கோடாகத் தெரிகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் உங்களுக்கு அனுமதிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். குறுகலான, திருப்பம் நிறைந்த பாதை வேண்டும் என்றால் அதற்கென்றே அமைத்த இடங்களுக்குப் போங்கள். ஹூன்ஸ்ரூக்கில் எர்பெஸ்கோப்ஃப் மலையிலும் ஷ்ட்ரோம்பெர்க்கிலும் இருக்கின்றன. ஐஃபல் பக்கம் டாவுன் ஊரைச் சுற்றிக் குறியிட்ட தடங்கள் இருக்கின்றன. எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் வேகமாக ஓட்டலாம்.

எப்போது போவது? மே, ஜூன் எனக்குப் பிடித்த மாதங்கள். கோடையில் தெற்கு பார்த்த சரிவுகளில் மதியத்துக்கு மேல் ஏறுவது நல்லதல்ல. கல்லின் வெப்பம் கீழிருந்து முகத்தில் அடிக்கும், நிழலும் இருக்காது. வளரும் பருவத்தில் செங்குத்தான தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் மருந்து தெளிப்பது உண்டு. அந்த நேரத்தில் பாதையை மூடியிருந்தால் மறு பேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள். செப்டம்பர் வந்தால் பழம் முற்றுகிற நேரம். சில ஊர்களில் அறுவடைக்கு முன்பு தோட்டப் பாதைகளையே மூடிவிடுவார்கள். 'வைன்பெர்க் கெஷ்லோஸன்' என்ற பலகையைப் பார்த்தால், தோட்டம் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அக்டோபரில் இலைகள் மஞ்சளாகி ஊரே அழகாக இருக்கும். அதே சமயம் பாதையில் டிராக்டரும் பழம் ஏற்றிய வண்டியும் நிற்கும். நாம்தான் நின்று வழிவிட வேண்டும். குளிர்காலத்தில் வெள்ளம் வந்தால் கரைப்பாதை தண்ணீருக்குள் போய்விடும்.

ஓட்டுவதில் கவனிக்க வேண்டியது ஸ்லேட்தான். ஈரமானால் வழுக்கும், காய்ந்திருந்தால் அதன் கூரான விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். தடித்த பக்கச் சுவர் உள்ள ட்யூப்லெஸ் டயர் போட்டுக்கொண்டு, உள்ளே ஒட்டுவதற்கும் ஏதாவது எடுத்துப் போங்கள். பெருமழைக்கு அப்புறம் கல் சில்லுகள் அடித்துக்கொண்டு வந்து கான்கிரீட் பாதையின் வளைவுகளில் குவிந்திருக்கும். நேர்ப்பாதையில் பிடித்த வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவது நிச்சயம். மழைநீர் ஓடப் பாதையின் குறுக்கே வாய்க்கால் விட்டிருப்பார்கள். அதைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டும்.

மின்சார சைக்கிள் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவி என்றால் சட்டப்படி அது சாதாரண சைக்கிள்தான். 45 வரை போகிற வகை மோட்டார் வாகனக் கணக்கில் வரும். தோட்டப் பாதைகளில் பல இடங்களில் அதை விட மாட்டார்கள்.

ஒயின் நாட்டில் ஒயினைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் சைக்கிள்காரருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரோமில் (ஆயிரத்தில் 1.6 பங்கு) எட்டினால் குற்ற வழக்கு. தள்ளாடி ஓட்டினாலோ விபத்து ஏற்படுத்தினாலோ 0.3 இருந்தாலே சிக்கல். என் வழக்கம், சைக்கிளைப் பூட்டிவிட்டு மாலையில்தான் கோப்பையைத் தொடுவது. வாசலில் துடைப்பமோ பூங்கொத்தோ தொங்கினால் அந்தத் தோட்டக்காரர் வீட்டிலேயே கடை திறந்திருக்கிறார் என்று பொருள். வருடத்தில் நான்கு மாதம் வரைதான் அப்படித் திறக்கலாம், விற்பதும் சொந்த ஒயின்தான். நீங்கள் பகலில் எந்தச் சரிவின் வழியாக வந்தீர்களோ அந்தச் சரிவின் ஒயினைக் கேளுங்கள், அவருக்கே முகம் மலரும்.

களைத்துப்போனால் ரயில் இருக்கிறது. கோக்கெம் ஊருக்கும் எல்லருக்கும் இடையே ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகிறது, ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் நேராகக் கடந்துவிடும். ஆனால் புல்லாய் தாண்டியதும் முக்கிய ரயில் பாதை ஆற்றை விட்டு விலகி விட்லிக் பக்கம் போய்விடுகிறது. ட்ராபென்-ட்ரார்பாக் வரை ஒரு கிளைப்பாதை உண்டு. அதற்கு மேல் ஆற்றோரத்தில் ரயில் கிடையாது, பேருந்துதான். தங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

இப்போது மகள். 12 வயதில் அவளுக்கும் பெரியவர்களுக்கு உள்ள சாலை விதிகளேதான். முதல் நாளே சரிவில் ஏற்ற வேண்டாம். டாவுனிலிருந்து பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை வரும் மாரே-மோசல் பாதையில் தொடங்குங்கள். பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட, 58 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அது. எரிமலை வெடித்து உண்டான வட்ட ஏரிகளின் பக்கத்தில் தொடங்கி, உயரமான பழைய ரயில் பாலங்களைக் கடந்து, லீசர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே பெரும்பாலும் இறக்கமாகவே மோசலுக்கு வந்துசேரும். வழியில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கம் வரும். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஒரு மேல்சட்டை கையோடு இருக்கட்டும். குழந்தைகளுக்கு அந்தச் சுரங்கம்தான் ரொம்பப் பிடிக்கும். கீழே பெர்ன்காஸ்டலில் தங்கினால், காலையில் சைக்கிள் வண்டி இணைத்த ரெஜியோராட்லர் பேருந்தில் டாவுனுக்கு ஏறிப் போகலாம். ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முடிய ஓடும். வார இறுதியில் சைக்கிளுக்கு இடம் கிடைப்பது கடினம், அதனால் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.