குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர்கள்

வணக்கம் நேயர்களே. நான் நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் கல்யாண வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, எத்தனை கொலை வழக்குகளைப் பார்த்தீர்கள் என்பதுதான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரை முதல் நாள் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள் என்றாலும் விசாரணை உயர் நீதிமன்றத்தில்தான் நடக்கும். என் காலம் கழிந்தது சிங்கப்பூரின் ஹேவ்லாக் ஸ்குவேரில், 1975 இல் திறக்கப்பட்ட அந்த எண்கோணக் கட்டடத்திலும், பிறகு 2019 இறுதியில் திறக்கப்பட்ட 35 மாடிக் கோபுரத்திலும்தான். 2014 வரை கீழ்நிலை நீதிமன்றங்கள் என்று அழைக்கப்பட்டு, அதன் பின் அரசு நீதிமன்றங்கள் என்று பெயர் மாறிய அந்த இடத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்கள்தான்.

வருபவர்களில் பலருக்கு முதல் ஏமாற்றம் நீதிபதியின் மேசையில் மரச்சுத்தியல் இல்லை என்பதே. “ஆர்டர், ஆர்டர்” என்று இங்கே யாரும் தட்டுவதில்லை. ஜூரிகளும் கிடையாது, 1969 இல் இயற்றப்பட்ட சட்டத்தோடு அவர்கள் கதை முடிந்தது. தமிழ்த் திரைப்படம் பார்த்துப் பழகிய ஒரு பெரியவர், காலியாக இருந்த பார்வையாளர் இருக்கைகளை நோக்கிக் கைகூப்பி, தம் பக்க நியாயத்தை அவற்றிடம் உருக்கமாக எடுத்துரைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நீதிபதி அவர் முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பின்தான் தாம் இந்தப் பக்கம் இருப்பதை நினைவூட்டினார்.

1992 இல் தொடங்கிய இரவு நீதிமன்றம் எனக்கு மிகவும் பிடித்தது. வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாதவர்கள் மாலையில் வந்து போக்குவரத்து, வாகன நிறுத்தம் போன்ற சிறு வழக்குகளை முடித்துக்கொள்ளலாம். சீருடையோடு வரும் பாதுகாவலர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய், பொட்டலத்தில் கட்டிய பரோட்டாவோடு வந்து அந்த அறை முழுவதையும் பசியால் வாட்டிய இளைஞர் என்று எல்லோரையும் அங்கே பார்க்கலாம்.

தொழிலாளர் ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். 2017 இல் அமைக்கப்பட்ட வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. தொழிலாளியும் முதலாளி தரப்பும் நேரடியாகவே பேச வேண்டும். அங்கே விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததன்று என்பதால் ஆளையும் தொழிலையும் மாற்றியே சொல்கிறேன். கூடுதல் நேரச் சம்பளம் கேட்டு வந்திருந்த அந்தக் கட்டுமானத் தொழிலாளத் தம்பி, மாமாக் கடை எனும் சிறு மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்தச் சிறிய 555 நோட்டில் தினமும் வேலை நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். வியர்வையில் நனைந்து காய்ந்து, ஓரமெல்லாம் அப்பளம் போல் நெளிந்திருந்த அதன் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு “உ” இருந்தது. முதலாளி தரப்பில் வந்தவர், அது 2 என்ற எண்தான் என்றும், ஆகவே அன்றாடம் இரண்டு மணி நேரம்தான் கூடுதல் வேலை நடந்திருக்கிறது என்றும் மிகுந்த தன்னம்பிக்கையோடு வாதிட்டார். தம்பி பதறிப்போய், “ஐயா, அது பிள்ளையார்” என்றார். உரைபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி பேனாவை எடுத்துக்கொண்டு, பிள்ளையார் என்பவர் அதே கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரா, அவரைச் சாட்சியாக அழைக்க இயலுமா என்று கேட்டார். விளக்கம் கேட்டுத் தெளிந்த பிறகு, அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, லாரி வந்து போன நேரங்களோடு ஒவ்வொரு நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கேட்ட தொகையில் பெரும்பகுதி தம்பிக்குக் கிடைத்தது.

இப்போது குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களிடம் வருகிறேன். ஒப்புக்கொண்டால் வழக்கு உடனே முடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தக் குற்றத்தின் அடிப்படையையே மறுக்கும்படி எதையாவது சொன்னால், அந்த ஒப்புதலை நீதிபதி ஏற்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டியதாக வழக்கைச் சந்தித்த டாக்சி ஓட்டுநர் ஒருவர், “ஒப்புக்கொள்கிறேன் ஐயா, ஆனால் விளக்கு மஞ்சளாகத்தான் இருந்தது” என்றார். மஞ்சள் என்றால் விசாரணைக்குத் தேதி குறிக்க வேண்டும் என்றார் நீதிபதி. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வாடகையும் கட்டிக்கொண்டிருந்த ஓட்டுநருக்குக் கோபம் வந்துவிட்டது: “சீக்கிரம் முடியட்டும் என்றுதானே ஒப்புக்கொள்கிறேன்! சரி, சிவப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.” செய்யாத ஒன்றை முடித்துவைக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதி நிதானமாகப் பதிலளித்தார். அன்று அவரை வைதுகொண்டே போன ஓட்டுநருக்காக நானும் வருந்தினேன். ஆனாலும் அந்த விதி இல்லாவிட்டால் அவசரமும் ஏழ்மையுமே பாதிப் பேரைக் குற்றவாளிகளாக்கிவிடும் என்பது என் கருத்து.

அதே விதியில் சிக்கியவர்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் பாட்டி. 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவளிப்பது குற்றம். முதல் முறை என்றால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். பாட்டி மீதான குற்றச்சாட்டு, தம் அடுக்குமாடி புளோக்கின் கீழே புறாக்களுக்கு உணவளித்தார் என்பது. அவர் ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்ட கையோடு, “புறாவுக்கு நான் வைக்கவில்லை ஐயா, அன்று அமாவாசை, காகத்துக்குத்தான் வைத்தேன்” என்றார். அதிகாரி எடுத்த புகைப்படத்தை அவரிடம் காட்டினார்கள். வாழையிலைத் துண்டு, அதில் சோறு, பருப்பு, ஓரத்தில் ஒரு வடை, சுற்றிலும் புறாக் கூட்டம். ஒரு காகம்கூட இல்லை. பாட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “படம் எடுத்த பிள்ளை கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர் வந்திருப்பார்” என்றார். அவர் என்றால் யார் என்று நீதிபதி கேட்க, “என் வீட்டுக்காரர்” என்று பதில் வந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அறையில் இருந்த அனைவரும் தத்தம் தாள்களைப் பார்த்துக்கொண்டோம்.

சட்டத்தின் கண்ணில் காகமும் காட்டுப் பறவையே. ஆயினும் குற்றச்சாட்டில் புறா என்று இருக்கும்போது காகம் என்று சொல்பவரின் ஒப்புதலை நீதிபதி ஏற்கவில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் சற்று அவகாசம் கேட்டு, புறாக்கள் என்ற இடத்தில் பறவைகள் என்று திருத்திக் கொடுத்தார். திருத்தியதை மறுபடியும் முழுமையாக வாசித்து, எந்தப் பறவைக்கு வைத்தாலும் குற்றம்தான் என்பதைப் பாட்டி புரிந்துகொண்டதை உறுதிசெய்த பின்னரே நீதிபதி வழக்கைத் தொடர்ந்தார். அபராதம் குறைவுதான், அதையும் தவணையில் கட்டலாம் என்றபோது அரசுத் தரப்பு மறுப்புத் தெரிவிக்கவில்லை.

பாட்டி கும்பிட்டுவிட்டுப் போகாமல் நின்றார். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. ஐயா சாப்பிட்டாரா என்று கேட்டுச் சொல்லும்படி உரைபெயர்ப்பாளரிடம் கேட்டார். சொல்லப்பட்ட எதையும் விடாமல் மொழிபெயர்ப்பது அவருடைய கடமை என்பதால் அவரும் எழுந்து நின்று, முறைப்படி அந்தக் கேள்வியை நீதிபதி முன் வைத்தார். பதிலைப் பெற்றுக்கொண்டு, கணீரென்ற குரலில் தமிழில் அறிவித்தார்: “நீதிமன்றம் இன்னும் சாப்பிடவில்லை.”