அகாவே தெளிந்தபோது

நேயர்களுக்கு வணக்கம். பழைய கிரேக்கச் சோக நாடகங்களில் கடவுள் தரும் தண்டனை ஆண்களுக்கு எப்படி வருகிறது, பெண்களுக்கு எப்படி வருகிறது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாடகங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நான் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அது யூரிப்பிடீஸ் எழுதிய 'பாக்கே'. அவர் இறந்த பிறகு, கி.மு. 405 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறி, முதல் பரிசும் வாங்கியது.

கதை தீப்ஸ் நகரத்து அரண்மனையில் நடக்கிறது. கிழவர் காட்மஸுக்கு நான்கு பெண்கள். அவர்களில் செமலே, கடவுள் ஜீயஸின் பிள்ளையை வயிற்றில் சுமந்தவள். இடிநெருப்பில் கருகி இறந்துபோனாள். கூடப் பிறந்தவர்கள் அழுதிருக்க வேண்டும், இல்லையா? அவர்களோ, 'எவனுடனோ பழகிவிட்டுக் கடவுள் பெயரைச் சொன்னாள், அதனால்தான் இடி விழுந்தது' என்று பேசினார்கள். பிழைத்த அந்தப் பிள்ளைதான் டயோனிசஸ். மதுவுக்கும் களிவெறிக்கும் கடவுள். வளர்ந்து, தன்னைக் கடவுள் என்று ஏற்காத ஊரைத் தண்டிக்க, மனித உருவத்தில் திரும்பி வருகிறான். அப்போது ராஜாவாக இருப்பவன் பென்தியஸ். செமலேயுடன் பிறந்த அகாவேயின் மகன். கடவுளும் ராஜாவும் அக்கா தங்கை பிள்ளைகள். நம் வீட்டுக் கணக்கில் அண்ணன் தம்பி.

தண்டனை முதலில் பெண்கள் மேல்தான் விழுகிறது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் டயோனிசஸ் பித்துப் பிடிக்கவைத்து, கித்தேரோன் மலைக்குத் துரத்திவிடுகிறான். தறியைப் போட்டது போட்டபடி போகிறார்கள். இந்தத் தறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் வீட்டுப் பெண்ணுக்கு இடம் என்றால் தறிதான். பென்தியஸுக்கு வரும் கோபமும் அதைப் பற்றியதுதான். கடவுளோடு வந்த பெண்களைப் பிடித்து விற்றுவிடுவேன், இல்லையென்றால் என் வீட்டுத் தறியில் உட்காரவைப்பேன் என்கிறான்.

அவனைக் கடவுள் எப்படிப் பிடிக்கிறான் தெரியுமா? மலையில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க உனக்கு ஆசையா என்று கேட்கிறான். எவ்வளவு பொன் வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறான் ராஜா. அப்படியானால் புடவை கட்டிக்கொள் என்கிறான் கடவுள். நான் புடவை என்று சொல்வது அவர்களுடைய நீள அங்கியை. முதலில் வெட்கப்பட்ட பென்தியஸ், உள்ளே போய் வெளியே வரும்போது வேறு ஆளாக வருகிறான். நான் என் அம்மா மாதிரி நிற்கிறேனா, சித்தி மாதிரி நிற்கிறேனா என்று கேட்கிறான். கலைந்த முடியைக் கடவுளே ஒதுக்கிவிடுகிறான். மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பென்தியஸ் குனிந்து பார்க்கிறான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு வயிறு கலங்குகிறது. பெண்ணைத் தறியில் உட்காரவைப்பேன் என்றவன், பெண் வேஷத்தில் சாகப் போகிறான்.

மலையில் மரத்தின் உச்சியில் உட்கார்ந்தவனை, மரத்தையே வேரோடு சாய்த்துப் பெண்கள் கீழே இறக்குகிறார்கள். முதலில் பாய்கிறவள் அவன் அம்மா. தலைக்கட்டைக் கழற்றி எறிந்து, அவள் கன்னத்தைத் தொட்டு, 'அம்மா, நான் உன் பிள்ளை பென்தியஸ்' என்கிறான். அவளுக்குக் கேட்கவில்லை. மகனின் தலையைச் சிங்கத்தின் தலை என்று நினைத்து, கோலில் குத்திக்கொண்டு ஊருக்குள் வருகிறாள். தறியை விட்டுவிட்டு வெறுங்கையால் வேட்டையாடினேன், பாருங்கள் அப்பா என்று பெருமை பேசுகிறாள்.

இங்கே கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கி.மு. 53-ல் ரோமானியத் தளபதி கிராசஸ், அன்று ஈரான் பக்கம் ஆண்ட பார்த்தியர்களிடம் தோற்றுக் கொல்லப்பட்டார். அந்தச் சமயம் பார்த்திய அரசர் ஆர்மேனிய அரசரின் விருந்தாளி. கல்யாண சம்பந்தம் பேசி முடித்து, விருந்தும் நாடகமுமாக அரண்மனை களைகட்டியிருந்தது. நடிகர் ஜேசன் இதே நாடகத்தில் அகாவே பகுதியைப் பாடிக்கொண்டிருந்தார். அப்போது கிராசஸின் தலையைக் கொண்டுவந்து சபை நடுவில் போட்டார்கள். ஜேசன் என்ன செய்தார்? அந்த நிஜத் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து வேட்டை கொண்டுவந்தோம் என்ற அகாவேயின் பாட்டைப் பாடினார். சபை ஆரவாரித்தது. யார் கொன்றது என்ற கேள்வி பாட்டில் வந்ததும், கொன்றவன் எழுந்து, இது என் பாட்டு, தலையை என்னிடம் கொடு என்று பிடுங்கினானாம். பழைய கிரேக்க வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார். என் மனசை உறுத்துவது என்னவென்றால், அந்தச் சபை வெற்றிப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்து வரும் காட்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த காட்சிதான் நாடகத்தின் உயிர். காட்மஸ் மகளை அதட்டவில்லை. தூக்கத்தில் எழுந்து நடக்கும் குழந்தையிடம் பேசுவதுபோல மெல்லப் பேசுகிறார். 'முதலில் வானத்தைப் பார். எப்படி இருக்கிறது?' 'முன்பைவிட வெளிச்சமாக இருக்கிறது.' 'உன்னை யாருக்குக் கட்டிக்கொடுத்தேன்?' சொல்கிறாள். 'உங்களுக்கு என்ன பிள்ளை பிறந்தது?' 'பென்தியஸ்.' 'சரி, இப்போது உன் கையில் இருப்பது யார் தலை?' 'சிங்கம் என்று சொன்னார்கள்...' 'நன்றாகப் பார்.' பார்க்கிறாள்.

பித்துப் பிடித்ததைத் தண்டனை என்று பலர் எழுதுகிறார்கள். பித்துப் பிடித்திருந்த வரை அவள் சந்தோஷமாக இருந்தாள். புத்தி திரும்பியதுதான் தண்டனை. பென்தியஸ் செத்துப்போனான், அவன் கணக்கு முடிந்தது. அகாவே உயிரோடு இருந்து, நினைவோடு நாடு கடந்து போக வேண்டும். கடவுளின் கோபம் மனிதர் கோபம் போல இருக்கலாமா என்று காட்மஸ் கேட்கிறார். ஜீயஸ் அன்றே முடிவு செய்தது என்று மட்டும் டயோனிசஸிடமிருந்து பதில் வருகிறது.

மகன் உடல் மீது அகாவே பாடும் ஒப்பாரி நமக்குக் கிடைக்கவில்லை. ஏட்டில் அந்தப் பகுதியே இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்தவக் கவிஞர் யூரிப்பிடீஸ் வரிகளை எடுத்து இயேசுவின் பாடுகளை நாடகமாக்கினார். அகாவேயின் சில வரிகளை, மகனை இழந்த மரியாளின் அழுகையிலிருந்துதான் அறிஞர்கள் தேடி எடுக்கிறார்கள்.

ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். 'ஆன்டிகனி'யை விட்டுவிடுகிறேன். 'ஹிப்போலிட்டஸ்' பற்றி ஒரு வார்த்தை. ஹிப்போலிட்டஸ் தன்னைக் கும்பிடவில்லை என்று காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்குக் கோபம். அவனை அழிக்க அவன் சிற்றன்னை ஃபீட்ராவின் மனதில் அவன் மேல் ஆசையை மூட்டுகிறாள். நாடகம் தொடங்கும்போதே தெய்வம் மேடையில் வந்து சொல்லிவிடுகிறது: ஃபீட்ரா நல்லவள்தான், ஆனாலும் அவள் சாகத்தான் வேண்டும், அவளுக்காக நான் என் எதிரியை விட முடியாது. வணக்கம்.